என் கூட்டாளி வளர்ந்த கதை

கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று ஒரு பழமொழி இருக்கிறது. மாத்தளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதை எனக்குச் சொல்லிக்காட்டாதவன் ஒருவனும் இல்லை. எனக்கு மட்டுமல்ல, என் கூட்டாளிக்கும் சேர்த்துத்தான். ஏழாம் வகுப்பிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே உயரம். வகுப்பில் முன்வரிசை வாங்கு எங்களுக்கு. குழுப் படம் எடுத்தால் தரையில் சம்மணம். வளர்ந்து முடிந்தபோது நான் ஐந்தடி ஒரு அங்குலத்தில் நின்றேன். தான் ஐந்தடி ஒன்றரை என்று அவன் சாதிப்பான். அந்த அரை அங்குலத்துக்காக எங்கள் கடையின் பின்சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து, சண்டை பிடித்து, மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

எங்கள் கடை என்றால் வாப்பாவின் கடை. தோட்டக்காரர்களிடம் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற கடை. வாப்பாவுக்குப் பிறகு நான்தான் அங்கே நிற்கிறேன். மேசைக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதன் மேல் நிற்கிறேன். மிளகு கொண்டு வருகிற புது ஆள் என்னைப் பார்த்து, "முதலாளி இல்லையா தம்பி?" என்று கேட்டால், அன்றைக்கு அவருடைய மிளகில் ஈரம் கூடத்தான் இருக்கும். நான் நல்லவன் என்று இங்கே சொல்ல வரவில்லை.

உயரம் எனக்கு எப்போது நோயானது என்று சரியாகச் சொல்ல முடியும். கலியாணப் பேச்சில் இல்லை. வாப்பா மௌத்தான அன்றுதான். எங்களிடையே மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து போவார்கள். எல்லாரும் மாறி மாறித் தோள் கொடுப்பார்கள், ஆனால் வீட்டிலிருந்து எடுக்கும்போது முன்பக்கம் மகனுக்கு. நான் தோள் கொடுத்ததும் சந்தூக்கு என் பக்கம் சரிந்தது. மற்ற மூன்று பேரும் ஆறடிக்குக் கிட்ட. பின்னால் வந்தவர் தடுமாறினார். பத்து எட்டுக்கூட வைத்திருக்க மாட்டோம், மாமா என் முதுகில் கை வைத்தார்.

"மகன், நீங்க முன்னால போங்க. சனத்தை வெலக்கி வழி எடுத்துக் குடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. என் இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் வந்து தோள் கொடுத்தார். வாப்பாவுக்கு அந்த மனுசனைக் கண்ணிலும் காட்டக் கூடாது. நான் முன்னால் நடந்தேன், விலக்குவதற்குச் சனம் யாரும் இல்லாத ரோட்டில். அப்போது என் கூட்டாளி வந்து என் பக்கத்தில் நடந்தான். அவனையும் யாரும் தோள் கொடுக்கக் கூப்பிடவில்லை. மையவாடி வரைக்கும் என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. அவன் செய்த மற்றதையெல்லாம் எழுத வந்தவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவன் கத்தாருக்குப் போனான். எல்லாரிடமும் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னான். கத்தாருக்குப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒருவர் அங்கே இருக்கிறார்கள். போனவர்கள் வெளுத்து வருவார்கள், பருத்து வருவார்கள், தாடி வைத்து வருவார்கள். இவன் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வளர்ந்து வந்தான்.

கடை வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து நான் பலகையிலிருந்து இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. அவனுடைய கண்ணுக்கு நேரே இருந்த என் கண் இப்போது அவன் வாய்க்கு நேரே போயிருந்தது. பள்ளிவாசலடியில் "கத்தார் சாப்பாடு ஒத்துக்கிட்டது போல" என்று சிரித்தார்கள். வயசானவர் ஒருவர், "முன்னையும் இவன் இப்படித்தானே இருந்தான்?" என்றார். அவ்வளவுதான். ஊர் அவனை விட்டுவிட்டது. நான் விடவில்லை. ஒரு வாரம் நச்சரித்த பிறகு, கடையின் பின்னால் கராம்புச் சாக்குகளுக்கு நடுவில் வைத்துக் காற்சட்டையை முழங்கால் வரை உயர்த்திக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு. கெண்டைக்கால் நெடுக வட்ட வட்டமாகச் சின்னத் தழும்புகள்.

"ஆறு சென்றிமீற்றர் மச்சான். ஒருத்தருக்கும் சொல்லிடாத."

கத்தாருமில்லை, ஒன்றுமில்லை. இந்தியாவில் ஒரு நகரத்தில் காலெலும்பை வெட்டி நீட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அன்றைக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. எனக்குச் சொல்லாமல் போனானே என்று ஒரு சின்னக் குத்தல் இருந்தது. பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்ததால் குத்தல் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். உம்மாவின் கண்ணில் படாமல் அதைக் கடையில் சாதிக்காய்ப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எலும்பை நீட்டுவதென்றால் இழுத்து நீட்டுவதில்லை. முதலில் குறுக்கே வெட்டுகிறார்கள். ஒரு வாரம் போல அப்படியே விடுகிறார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் இரண்டு துண்டையும் விலக்குகிறார்கள். அதையும் ஒரேயடியாக இல்லை, நாலு முறையாக. விலகுகிற இடைவெளியில் புது எலும்பு வந்து நிரம்புகிறது. உடம்பு தன்னை வெட்டியவனுக்கே இப்படி உழைத்துக் கொடுக்கும் என்று படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எந்த எலும்பு என்பது முதல் கேள்வி. தொடையில் செய்தால் எலும்பு நன்றாகக் கூடுமாம், ஆனால் முழங்கால் மடங்காமல் இறுகிப் போகலாம். முழங்காலுக்குக் கீழே செய்தால் பார்க்க அழகு, ஆனால் குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த நரம்பு இழுத்துக்கொள்ளலாம். எந்த வழி என்பது அடுத்த கேள்வி. காலைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு, கம்பியை எலும்புக்குள் ஏற்றி, மாதக்கணக்கில் அதோடேயே கிடப்பது ஒன்று. கம்பி போன துளையெல்லாம் சீழ் பிடிக்கப் பார்க்கும். எலும்புக்குள் ஒரு இரும்புக் கோல் வைத்து, வெளியே வளையமும் போட்டு, நீட்டி முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுவது இரண்டாவது. என் கூட்டாளி செய்தது இதுதான். எலும்புக்குள்ளேயே காந்தத்தால் தானாக நீள்கிற கோல் வைப்பது மூன்றாவது. துளை இல்லை, சீழ் இல்லை, ஆனால் எலும்பு இறுகும்வரை காலில் பாரம் போடவே கூடாது. கொப்பியின் இடது பக்கம் நல்லதை எழுதினேன், வலது பக்கம் கெட்டதை. வலது பக்கம் சீக்கிரம் நிரம்பியது. எலும்பு கூடாமல் போகலாம், இரத்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறலாம், பாதம் செத்துத் தொங்கலாம். நான் கையெழுத்தைப் பெரிதாக்கி இடது பக்கத்தை நிரப்பினேன்.

மௌலவி ஒருவரிடம் மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று மசலா கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். அல்லாஹ் படைத்ததை அழகுக்காக மாற்றலாமா என்பார். அதனால் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன்.

ஆனால் கண்டிக்குப் போய் எலும்பு டொக்டர் ஒருவரைக் காசு கட்டி, நம்பர் எடுத்து, சேனல் பண்ணிப் பார்த்தேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. சிங்களத்தில்தான் பேசினோம். சிரிக்காமல் கேட்டார், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. எலும்பு சொன்னால் கேட்கும், தசையும் நரம்பும் கேட்காது என்றார். நீட்டுகிற மாதங்களில் தினமும் மணிக்கணக்கில் பாதத்தை நீவி மடக்கிப் பயிற்சி செய்ய வேண்டும், அந்த வலியில் முக்கால்வாசிப் பேர் ஏமாற்றுவார்கள், ஏமாற்றினால் குதிகால் மேலே ஏறிவிடும் என்றார். வெட்டுகிற டொக்டர் அங்கே, சீழ் பிடிக்கிற கால் இங்கே, அதை யோசித்தாயா என்று கேட்டார். கடைசியாக ஒன்று சொன்னார். செய்துகொண்ட ஒரு ஆளைத் தேடிப் பிடி. படத்தைப் பார்க்காதே, அவன் வாயைக் கேட்காதே. செருப்பைக் கழற்றி நடக்கச் சொல். குந்தி எழும்பச் சொல். அதைப் பார்த்த பிறகு முடிவெடு.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் யாருக்கும் கிடைக்காத அந்த ஆள் எனக்குக் கூட்டாளியாகவே கிடைத்திருக்கிறானே.

நான் அவனை நடக்கச் சொல்லவில்லை. குந்தச் சொல்லவில்லை. பதினெட்டு வருடக் கூட்டாளியிடம் எப்படிச் சொல்வது, மச்சான், கொஞ்சம் குந்திக் காட்டு என்று? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலை அது. டொக்டர் வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்தேன். போனில் கேள்விகளாக அனுப்பினேன்.

அவன் குரலிலேயே பதில் அனுப்பினான். இப்போதும் என் போனில் இருக்கின்றன, அழிக்கவில்லை. வலி? "பல்லுப் புடுங்குற மாதிரி மச்சான், ஒரு கிழமை." டொக்டர் இப்படிப் பயமுறுத்துகிறாரே? "இங்க இருக்கிற டொக்டர்மாருக்கு இது செய்யத் தெரியாது. தெரியாதவன் பயமுறுத்தத்தான் செய்வான்." குதிகால்? "மிச்சம் நல்லம்." குந்த முடியுமா? "ஏன் முடியாது?" தொழுகை? அதைக் கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. "அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், எல்லாரையும் போல சுஜூது செஞ்சி, கால மடக்கி இருந்துதான் தொழுறேன்."

இதற்கு மேல் ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமிடம் என்ன கேட்பான்? அன்றைக்குக் கொப்பியை மூடினேன்.

பார்க்க வேண்டியதைப் பார்க்க எனக்குக் கண் இல்லாமல் போகவில்லை. அவன் பெண் எடுத்தது பல்லேபொல பக்கம், நிகாஹ்வுக்குப் பிறகு பெண் வீட்டோடு அங்கேயே இருந்துவிட்டான். மாத்தளைக்கு வரும் நாளில் எப்போதும் ஒரே ஹோட்டலில்தான் சந்திப்போம். நான் போகும்போது அவன் முன்னமே உட்கார்ந்திருப்பான். நான் கிளம்பும்போது, "நீ போ, எனக்கு இன்னொருத்தனைப் பார்க்க இருக்கு" என்பான். வெயிலோ மழையோ சப்பாத்துத்தான், செருப்பில் அவனை நான் பார்க்கவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னால் லுஹரோடு சேர்த்து ஜம்உ செய்து முன்னமே தொழுதாயிற்று என்பான், பயணியாம். நிகாஹ் அன்று நாற்காலியில் இருத்தி வைத்திருந்தார்கள். எல்லா மாப்பிள்ளைகளையும் அப்படித்தானே இருத்தி வைப்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு ஆழம் சொன்னவன் கரையில் உட்கார்ந்தபடியே சொன்னான், நானும் நம்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் போவதென்று முடிவானது. அதே நகரம், அதே இடம், அவன் செய்த அதே இரண்டாவது வழி. அங்கே உள்ள ஆஸ்பத்திரி ஆளிடம் எல்லாவற்றையும் அவனே பேசினான். உம்மாவிடம் கத்தார் என்றேன். உம்மா ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. மாசிச் சம்பல் பொரித்துப் போத்தலில் அடைக்கத் தொடங்கினார். "அங்க ஒனக்குச் சாப்பாடு சரி வராது மகன்" என்று சொல்லிச் சொல்லிக் கிளறினார். நான் அடுப்படிக்குள் போவதை நிறுத்திவிட்டேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை, வந்தது. கடை பூட்டு. அவன் பிடித்து நடந்த வோக்கரை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான், மாத்தளைக்குக் கொண்டு வருவதாகவும் சொல்லியிருந்தான். அவனை ஏன் அலைய வைப்பது என்று நானே சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன். உபகாரம் செய்ய நினைத்துத்தான் போனேன், துப்பறிய இல்லை. பஸ் பிந்தியதால் நான் இறங்கும்போது லுஹர் ஜமாஅத் தொடங்கிவிட்டது. அவன் வீடு பள்ளிவாசலுக்கு அடுத்த வளவு. தொழுதுவிட்டே போவோம் என்று அவசரமாகக் கை கால் கழுவி வுழூ செய்துகொண்டு உள்ளே ஓடினேன்.

தொழுகையின் முதல் சுற்று, முதல் ரக்அத், போய்விட்டது. கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு ஆள் எழுந்து நின்று தொழுதுகொண்டிருந்தார். அவருக்கு இடது பக்கம் இடம் இருந்தது. வரிசையில் நிற்கும்போது தோளோடு தோள், குதிகாலோடு குதிகால் நேராக நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். தோள் எனக்கு எவரோடும் சேர்வதில்லை என்பதால் நான் எப்போதும் பக்கத்துக் குதிகாலைப் பார்த்துத்தான் நேராவேன். அன்றும் குனிந்து பார்த்தேன். பக்கத்துக் காலின் குதிகால் நிலத்தில் இல்லை. கம்பளத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் போகும். இரண்டு காலும் அப்படித்தான். முன்பாதத்தில் நின்றுகொண்டு அந்த ஆள் மெல்ல மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தார்.

யாரோ பாவம் என்று நினைத்துத் தக்பீர் கட்டினேன். எல்லாரும் ருகூஉக்குக் குனிந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாரும் சுஜூதுக்குப் போனபோது நாற்காலியில் இருந்தே தலையைக் குனிந்தார். நான் நெற்றியை நிலத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். காற்சட்டை மேலே ஏறியிருந்த இடத்தில் வட்ட வட்டமாகச் சின்னத் தழும்புகள். அதற்குப் பிறகு நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது.

இமாம் ஸலாம் கொடுத்தார். பக்கத்து ஆள் வலது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னான், பிறகு இடது பக்கம் திரும்பி என் முகத்துக்கு நேரே சொன்னான். உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். பாதியில் குரல் நின்றது. எனக்கோ தவறிப்போன ஒரு ரக்அத் பாக்கி. எழுந்து நின்று அவனுக்குப் பக்கத்திலேயே அதைத் தொழுது முடிக்க வேண்டியிருந்தது. நின்றேன், குனிந்தேன், சுஜூது செய்தேன், காலை மடக்கி இருந்தேன். அவன் நாற்காலியில் இருந்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகவில்லை. சட்டென்று எழுந்து போகிற காலா அது?

எல்லாரும் போன பிறகு வெளி விறாந்தையில் உட்கார்ந்தோம்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"அங்க இருந்து வந்த நாள்ல இருந்து."

"சப்பாத்துக்குள்ள?"

"குதிக்குக் கட்டை வெச்சிருக்கேன். போட்டா அவ்வளவு தெரியாது."

மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். வாடகை அறை ஒன்றில் தனியாகக் கிடந்திருக்கிறான். கிழமைக்கு இரண்டு முறை பயிற்சிக்காரன் வருவான், மற்ற நாளெல்லாம் தானே செய்ய வேண்டும். வளையத்துத் திருகாணியைத் திருப்புவதை ஒரு நாளும் விடவில்லை, அதில்தானே உயரம் இருக்கிறது. பாதத்தை மடக்குவதை விட்டுவிட்டான். வலி தாங்கவில்லை. குதிகால் ஏறியது. நரம்பை வெட்டி இறக்க இன்னொரு ஒபரேஷன் வேண்டும், உள்ளே இருக்கிற கோலையும் எடுக்க வேண்டும். அங்கே உள்ள ஆளிடம் கெஞ்சியிருக்கிறான். உன் ஊரிலிருந்து இன்னொருவரைக் கூட்டி வா, சும்மா செய்து தருகிறோம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான்.

ஒரு வருடமாக என்னிடம் பேசியதெல்லாம் இதற்குத்தானா என்று எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. குள்ளனாக இருந்தவரைக்கும் அவன் எனக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை. வளர்ந்து வந்த பிறகுதான் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். மிளகுக் கடைக்காரன் தலையிலேயே.

"என் கால வெட்டி ஒன் காலத் தைக்கப் பாத்தியா?" என்று கத்தினேன். பள்ளிவாசல் என்றும் பார்க்கவில்லை. "அல்லாஹ்வுக்காகன்னு சொன்னியே. அத நம்பித்தானே நான் கொப்பிய மூடினேன்!"

"அப்படிச் சொல்லாத மச்சான். ஒனக்கு நல்லா வந்திருக்கும். நானும் கூட வந்திருப்பேன், ஒன்ன எக்ஸர்சைஸ் செய்ய வெச்சிருப்பேன். எனக்குத்தான் ஆள் இருக்கல."

"நல்லா வராட்டி?"

அவன் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது போல இல்லை. உண்மையாகவே யோசித்தான்.

"நல்லா வராட்டி ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்திருப்போம். முன்ன மாதிரி."

ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னான். அவனை அடிக்கக் கை எழுந்தது. அடித்தால் விழுந்துவிடுவான் என்பதால் அடிக்கவில்லை. "நான் போகல" என்றேன்.

"அப்ப என் காலு?" என்று கேட்டான்.

 பஸ்ஸுக்குப் போக எழுந்தேன். அதற்குள் அவன் மனைவி வளவுக் கடப்பு வாசலில் வந்து நின்று என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள். நிகாஹ் அன்று ஒரு முறை பார்த்த பெண். "நானா, இவ்வளவு தூரம் வந்துட்டுச் சாப்பிடாமப் போனா நான் விடவே மாட்டேன்." வேண்டாம் என்றேன், இரண்டு முறை சொன்னேன். அவள் முகம் வாடியது. அந்தப் பெண் எனக்கு எதுவும் செய்யவில்லையே என்று போனேன். அவன் எனக்கு முன்னால் சப்பாத்தில்லாமல் நடந்தான். கண்டி டொக்டர் பார்க்கச் சொன்னதை மாதக்கணக்கில் பிந்திப் பார்த்தேன். வரம்பில் தண்ணீர் நிற்கும்போது நனையாமல் நடக்கிறவன் போல, எட்டுக்கு எட்டு நுனிக்காலில் எம்பி எம்பி நடந்தான்.

சோறும் கோழிக் கறியும் பலாக்கொட்டைப் பிரட்டலும் வைத்தாள். அவன் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். அவள் உட்காராமல் நின்றே பரிமாறினாள்.

"ஒங்களுக்கு நான் துஆச் செய்யாத நாள் இல்ல நானா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "ஏன் தங்கச்சி?"

"கத்தார்ல இவர் லொறியில அடிபட்டுக் கெடந்தப்ப நீங்கதானே மூணு மாசம் கூட இருந்து பாத்தீங்க. வேலையையும் விட்டுட்டு. எல்லாம் சொல்லியிருக்கார். சொந்த நானா தம்பிகூட அப்படிச் செய்ய மாட்டாங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் ஆயுளில் கட்டுநாயக்க விமானத்தளத்துக்கு உள்ளே போனதில்லை.

"வலியில இவர் கத்துறப்ப நீங்க கால மடியில வெச்சிக்கிட்டு ஓதி ஊதுவீங்களாம். எக்ஸர்சைஸ் செய்யாட்டி ஏசுவீங்களாம். பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வெப்பீங்களாம். கடைக்குப் பின்னால சொவர்ல கோடு போட்டுச் சண்டை புடிச்ச கதை."

 அந்த வாடகை அறையில் அவன் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான். நான் செய்யாததையெல்லாம் எனக்குக் கொடுத்திருக்கிறான். ஒரு சொல் சொல்லியிருந்தால் அதை நிஜமாகவே செய்திருப்பேன். கடையைப் பூட்டிவிட்டு மறுநாளே போயிருப்பேன். காலை மடக்க வைத்திருப்பேன், கத்தக் கத்த மடக்க வைத்திருப்பேன், இன்றைக்கு அந்தக் குதிகால் நிலத்தில் இருந்திருக்கும். எனக்கும் கத்தார் என்று பொய் சொல்லிவிட்டுப் போனான். என்னை ஏமாற்றிக் கூட்டிப் போகப் பார்த்ததை ஒரு காலத்தில் மன்னித்தாலும் மன்னிப்பேன். கூப்பிடாமல் போனதை மன்னிக்க மாட்டேன்.

"எப்படி நானா அதையெல்லாம் பாத்துத் தாங்கிக்கிட்டீங்க?" என்று அவள் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். ஆமா என்று ஒரு சொல் சொல்லச் சொல்லி அவன் முகம் கெஞ்சியது.

"நான் அங்க இருக்கல தங்கச்சி" என்றேன். "இவன் என்னக் கூப்பிடல. ஒருத்தரையும் கூப்பிடல. தனியாத்தான் கெடந்திருக்கான். மிச்சத்த அவன்கிட்டயே கேளுங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அழத் தொடங்கினான். நான் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.